பருந்து வாங்கிய டிவி

துறைமுகத்தில் அவரைப் பருந்து என்றால்தான் தெரியும். சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று வாயிற்காவலரே கையை விரித்துவிடுவார். கப்பலிலிருந்து பெட்டி இறக்குகிற கிரேனில் அவருக்கு இருபத்து நான்கு வருஷம் ஓடியிருந்தது. தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு கைக்கும் இரண்டு பிடி, காலுக்கு அடியிலும் கண்ணாடி. அந்தக் காலடிக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தபடிதான் வேலை. கீழே நிற்கும் லாரி தீப்பெட்டி மாதிரித் தெரியும். அதன் முதுகில் நாலு மூலையும் நாலு பூட்டில் சரியாக உட்காரும்படி ஒரு அறை அளவு இரும்புப் பெட்டியை இறக்கி வைக்க வேண்டும். காற்று அடிக்கும், கயிறு ஆடும், கப்பல் தன் பாட்டுக்கு ஏறி இறங்கும். பருந்து வைத்தால் 'டக்' என்று ஒரே சத்தம். இரண்டாவது சத்தம் கேட்டால் இன்றைக்கு மேலே வேறு ஆள் என்று லாரிக்காரர்கள் நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிடுவார்கள்.

வயது ஐம்பத்தொன்று. கைபேசியில் வரும் செய்தியைப் படிக்க மூக்குக் கண்ணாடியைத் தேடுவார். தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலின் பெயரை வெறும் கண்ணால் படிப்பார். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால்தான் அவரைக் கைவிட ஆரம்பித்திருந்தது. கிரேனில் லிஃப்ட் உண்டு. ஆனால் கடைசிப் பத்துப் பதினைந்து படிகளுக்கு ஏணிதான். ஏறிவிட்டால் நாலு மணி நேரத்துக்கு இறங்க முடியாது என்பதால் காலையிலிருந்தே தண்ணீரை அளந்து அளந்து குடிப்பார். மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. "உங்க கிட்னி ஒரு நாள் உங்க மேல கேஸ் போடப் போகுது பாருங்க" என்பாள்.

அதனால்தான், இனிமேல் கிரேனைக் கீழே ஓர் அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து ஓட்ட வேண்டும் என்று நிர்வாகம் அறிவித்தபோது, முதலில் சந்தோஷப்பட்டவர் பருந்துதான். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். வாயை மூடாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கியிருந்த இன்னொரு ஓட்டுநர், "டிவி பாக்குறதுக்கு நமக்குச் சம்பளமா?" என்று ஒரு நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பருந்து மனதுக்குள் கணக்குப் போட்டார். குளிரூட்டிய அறை, பக்கத்திலேயே கழிப்பறை, ஏற ஏணி கிடையாது. இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தார்.

மூன்று மாதப் பயிற்சி, கடைசியில் ஒரு தேர்வு. தேறாதவர்களுக்கு வாயிலில் காகிதம் சரிபார்க்கும் வேலை. சம்பளம் குறையாது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். இருந்தாலும் வாயில் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாருக்கும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

பயிற்சி அறையில் முதல் நாள். எதிரே நாலு திரை, கைக்கு அதே இரண்டு பிடி. திரையில் கப்பல், பெட்டி, லாரி எல்லாம் பொம்மைப் படமாக அசைந்தன. "அண்ணன் முதல்ல ஆரம்பிச்சு வைக்கட்டும்" என்று எல்லாரும் பருந்தைத்தான் தள்ளினார்கள். அவர் பெட்டியைத் தூக்கினார், கரைப்பக்கம் நகர்த்தினார், இறக்கினார். படத்தில் இருந்த லாரி அடி வாங்கிய நாய் மாதிரித் துள்ளியது. பெட்டி இரண்டடி தள்ளி, லாரியின் விளிம்பில் சாய்ந்து நின்றது. யாரோ கனைத்தார்கள். இரண்டாவது தடவை இன்னும் மோசம். மூன்றாவது தடவை பெட்டி லாரியின் தலையிலேயே இறங்கியது.

நாற்காலி ஆடவில்லை. கயிற்றின் இழுவை முதுகில் தெரியவில்லை. கை ஒரு பக்கம் போகிறது, படம் கொஞ்சம் பொறுத்து வருகிறது என்று தோன்றிற்று. எழுந்து வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, குளிரூட்டிய அறையில்.

பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. எல்லாரும் போன பிறகு அவரை நிறுத்தினாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ரூம்ல ஒருத்தருக்கு வாரத்துல ஒரு மணி நேரந்தான் கிடைக்கும். அது பத்தாது. வீட்டுல வீடியோ கேம் ஏதாவது இருந்தா ஆடிப் பாருங்க. கிரேன் ஓட்டுற கேமே இருக்கு."

"நானா? வீடியோ கேமா?"

"சும்மா சொல்லல சார். திரையைப் பாத்துக் கையை அசைக்கிற பழக்கம் வரணும். வேற வழி எனக்குத் தெரியல."

வெளியே வாசலில் ரேடியோ நின்றிருந்தார். அதை அவர் கேட்டுவிட்டார் என்பதுதான் பருந்துக்கு வந்த சோதனை. மறுநாள் உணவுக்கூடத்தில் ஆளாளுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்துவைத்தார்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. "பயிற்சி எப்படிப் போகுது?" என்று மனைவி கேட்டபோது, "போகுது" என்றார். இருபத்து நான்கு வருஷமாக வேலையைப் பற்றி அவளிடம் குறையாகச் சொல்லும்படி ஒன்றும் நடந்ததில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

மனைவியின் தம்பி கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். ஓய்வு நேரம் முழுக்க விளையாட்டுதான். பருந்து அவன் கடைக்குப் போய், கூட்டம் குறைகிற வரைக்கும் நின்று, "மாப்ள, அந்த கேம் பெட்டி ஒண்ணு வச்சிருப்பியே, ஒரு மாசத்துக்குக் குடேன்" என்றார்.

"யாருக்கு மாமா?"

"எனக்குத்தான்."

மைத்துனன் திருகாணி முடுக்கியைக் கீழே வைத்தான். "உங்களுக்கா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

ஆனாலும் கொடுத்தான். கிரேன் ஓட்டும் விளையாட்டையும் போட்டுக் கொடுத்தான். வீட்டில் இருந்தது மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கிய சின்ன டிவி. மகள் படித்து முடித்து வேலை கிடைத்து வேற்றூருக்கே போய்விட்டாள். டிவி அங்கேயே இருந்தது. அதில் விளையாட்டைப் போட்டால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி. பெட்டியின் ஓரம் எது, லாரியின் ஓரம் எது என்று பிரிக்க முடியவில்லை. பிடியைத் தள்ளினால் படம் யோசித்து யோசித்து நகர்ந்தது. ஒவ்வொரு தடவை பெட்டி தப்பாக விழும்போதும், தப்பு டிவியிலா தன்னிடமா என்ற கேள்வி அவரைக் குடைந்தது. ஒரு வாரம் பார்த்தார். பிறகு, புது டிவி வாங்கலாம் என்றார்.

"இருக்குற டிவிக்கு என்ன கேடு?" என்றாள் மனைவி.

"பழசாயிடுச்சு."

"நானுந்தான் பழசாயிட்டேன்."

அவர் அளவு நாடாவை எடுத்து, சோபாவிலிருந்து சுவர் வரை அளந்தார். ஒன்பது அடி. அந்த அளவெடுப்பைப் பார்த்ததும் மனைவிக்கு மனதில் ஏதோ பட்டது. அவர் சும்மா எதையும் அளக்கிற ஆள் இல்லை. கேட்கவில்லை, கூடக் கிளம்பினாள். கடைக்கு மைத்துனனும் வந்து சேர்ந்துகொண்டான். டிவி வாங்குகிற இடத்தில் தான் இல்லாமல் எப்படி என்று அவன் நினைப்பு.

கடையில் ஒரு சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே நேரத்தில், ஒரே பக்கம் தலையைத் திருப்பியது. மைத்துனன் நேராகப் போய் இருப்பதிலேயே பெரியதன் முன்னால் நின்றான். "எய்ட் கே. இதுதான் மாமா. வாங்கினா பெரிய நம்பரா வாங்கணும். நாளைக்கு இது இல்லையேன்னு வருத்தப்படக் கூடாது பாருங்க."

விற்பனைப் பெண் வந்தாள். அவசரப்படாமல் பேசினாள். "எல்லாம் புள்ளிக் கணக்குதான் சார். இதோ இந்தக் கடைசி டிவி ஃபுல் எச்டி. திரை முழுக்க இருபது லட்சம் புள்ளி. நடுவுல இருக்குறது ஃபோர் கே, எண்பது லட்சத்துக்கு மேல. சார் நிக்கிற டிவி எய்ட் கே. மூணு கோடியத் தாண்டும்."

"மூணு கோடியையும் யாரும்மா எண்ணிப் பாத்தது?" என்றாள் மனைவி.

"அதான் மேடம் விஷயம். எவ்வளவு தூரத்துல உக்காந்து பாப்பீங்க?"

பருந்து பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். மூன்று டிவிக்கும் முன்னால் ஒன்பது அடியை அளந்து, செருப்பு நுனியால் தரையில் ஒரு இடத்தைக் காட்டினார். மூவரும் அங்கே வந்து நின்றார்கள். மனைவிக்கு மூன்று கிளியும் ஒரே கிளிதான். மைத்துனன், "சான்ஸே இல்ல, எய்ட் கே தனியாத் தெரியுது" என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தான். விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே, அதே அளவில் அடுத்தடுத்து இருந்த இரண்டு டிவிகளின் விலைச் சீட்டை மறைத்து, "இதுல எது எய்ட் கேன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். அவன் கொஞ்சமும் தயங்காமல் ஃபோர் கேயைக் காட்டினான். அவள் சீட்டைத் திறந்து காட்டியதும் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

பருந்து மட்டும் இமைக்காமல் பார்த்தார். ஃபுல் எச்டியில் கிளியின் கழுத்துச் சிறகு ஒரே பச்சையாக அப்பியிருந்தது. ஃபோர் கேயில் ஒவ்வொரு சிறகும் தனித்தனி. ஃபோர் கேக்கும் எய்ட் கேக்கும் நடுவே எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. "எனக்கே தெரியலைன்னா அதுக்கு ஏன் நம்ம வீட்டுல இடம்?" என்றார். அவர் வேலையைப் பற்றி விற்பனைப் பெண்ணுக்குத் தெரியாததால், கொஞ்சம் தற்பெருமைக்காரர் போலிருக்கிறது என்று அவள் நினைத்திருக்கலாம்.

அடுத்து அவர் கேட்டதுதான் அவளை நிமிர வைத்தது. "நான் கையை அசைச்சா படம் எவ்வளவு நேரம் கழிச்சு அசையும்?"

"கேம் ஆடுற பசங்கதான் சார் இதைக் கேப்பாங்க" என்றாள். "புள்ளி எத்தனைங்கறது ஒண்ணு, எவ்வளவு சீக்கிரம் வருதுங்கறது வேற. டிவி ஒவ்வொரு படத்தையும் துடைச்சு மெருகு போட்டுத்தான் காட்டும். அதுக்கு நேரம் எடுக்கும். கேம் மோடுன்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா மெருகு போடாம அப்படியே காட்டிடும். கை போனதும் படம் போகும்."

"எல்லா டிவியிலயும் ஒரே மாதிரி போகுமா?"

"போகாது. அதை நீங்க ஆடிப் பாத்தாத்தான் தெரியும்."

மைத்துனன் மறுபடி உயிர் பெற்றான். "ஒரு கண் இமைக்கிற நேரம் முன்ன பின்ன ஆனா என்ன மாமா? விளையாட்டுதானே?"

"விளையாட்டு இல்லடா!"

சத்தம் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. பக்கத்தில் குளிர்பதனப் பெட்டி பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. பருந்தின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி அவர் முழங்கையைப் பிடித்து, டிவி சுவருக்கு எதிரே போட்டிருந்த சோபாவில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க."

அவர் சொன்னார். முதல் நாள் லாரி துள்ளியது, மூன்றாவது பெட்டி, சிரிப்பு, வாயில் வேலை, மீதம் இருக்கிற இரண்டு மாதம். எதிரே கிளி தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தது. சொல்லி முடித்து, "தப்பு என் கையிலயா, கண்ணுலயா, படத்துலயான்னு எனக்குத் தெரியணும். படத்து மேல பழி போட முடியாத மாதிரி ஒரு டிவி வேணும். அவ்வளவுதான்" என்றார்.

டாக்டர்களின் கையெழுத்தையே படிக்கிறவள் அவள். இந்த ஒரு மாதமாகக் கட்டிய கணவனின் முகத்தைப் படிக்காமல் விட்டோமே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் பழைய டிவிக்காக நான் இவ்வளவு வக்காலத்து வாங்கியிருப்பேனா?" என்றாள். பிறகு விற்பனைப் பெண்ணைக் கூப்பிட்டு, "ஏம்மா, இவர் விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து இங்கேயே மாட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

கடை நேரத்தில் முடியாது, காலையில் கடை திறக்க அரை மணி முன்னால் வந்தால் பார்க்கலாம் என்றாள் அந்தப் பெண். வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, பாதி விளக்கு போட்ட கடையில், பருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கிரேன் ஓட்டினார். எய்ட் கேயில் மெருகோடு ஓட்டினார். கை முன்னே, படம் பின்னே. கேம் மோடு போட்டதும் தேவலை. ஆனால் விளையாட்டுப் பெட்டியிலிருந்து வருவதே ஃபோர் கேதான், மிச்சப் புள்ளிக்கு அங்கே வேலையில்லை என்றாள் விற்பனைப் பெண். ஃபுல் எச்டியில் படம் உடனே வந்தது, ஆனால் நாற்காலியை இழுத்து ஐந்தடியில் போட்டதும் பெட்டியின் விளிம்பு படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிந்தது. ஐம்பத்தைந்து அங்குல ஃபோர் கேயில் அவர் மூன்று பெட்டி இறக்கினார். மூன்றும் தப்பாகத்தான் விழுந்தன. ஆனால் எங்கே தப்பியது என்று கண்ணுக்குத் தெரிந்தது. "இது" என்றார்.

"இருங்க" என்றாள் மனைவி. "ராத்திரி ஏழு மணிக்கு அதுல நான் என்னத்தப் பாக்குறது?"

அவளுடைய தொடரை வைத்துக் காட்டினார்கள். கதாநாயகி ஆரஞ்சுப்பழ நிறத்தில் வந்தாள். அது கடையில் கண்ணைப் பறிக்க வைத்திருக்கிற அமைப்பு என்று சொல்லி விற்பனைப் பெண் மாற்றினாள். நிறம் சரியாயிற்று. ஆனால் கிட்டே போனால் முகமெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி விட்ட மாதிரி மழமழவென்றிருந்தது.

"சேனல்ல இருந்து வர்ற புள்ளியே கம்மி மேடம். நடுவுல விட்டுப்போன இடத்த டிவியே உத்தேசமா நிரப்பிக்கும்."

"உத்தேசமாவா? மருந்துச் சீட்டுல நாங்க அப்படி நிரப்பினா நோயாளி போய்ச் சேந்துருவாரு" என்றாள் மனைவி. ஒன்பது அடிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தாள். அங்கிருந்து சரியாகத்தான் இருந்தது. "சரி. நான் சோபாவுல, அவர் நாற்காலியில. கட்டுங்க."

டிவி வீட்டுக்கு வந்தது. மைத்துனன் வந்து சுவரில் மாட்டினான், நடுவில் இரண்டு தடவை எய்ட் கேயை நினைத்துப் பெருமூச்சு விட்டான். அன்றையிலிருந்து வேலை முடிந்து வந்ததும் பருந்து ஐந்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஏழு மணிக்கு எழுந்து இடம் கொடுப்பார். ஒரு வாரம் போயிற்று. பெட்டி விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு வாரமும் போயிற்று. லாரிகள் துள்ளின. இப்போது படம் உடனுக்குடன் வருகிறது, ஓரம் துல்லியமாகத் தெரிகிறது, சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஒரு நாள் ஆறு மணிக்கே பிடியைக் கீழே வைத்துவிட்டு, "டிவி மேல தப்பில்ல" என்றார். மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் அவள் தொடருக்குக் காத்திருக்காமல், துவைத்து எடுத்த துணிக்கூடையோடு சோபாவில் வந்து உட்கார்ந்தாள். துணி மடிக்கிற சாக்கில் திரையைப் பார்க்காமல் அவரையே பார்த்தாள். பெட்டி எழும்பியது, நகர்ந்தது. இறங்குகிற நேரம் வந்ததும் அவர் தலை குனிந்தது. ஒரு கணம்தான். திரும்ப நிமிர்வதற்குள் லாரி துள்ளிவிட்டது. அடுத்த பெட்டி. மறுபடியும் அதே மாதிரி.

"ஏங்க, படம் சுவத்துல இருக்கு. நீங்க ஏன் காலுக்கு நடுவுல பாக்குறீங்க?"

"நானா? நான் எங்க பாத்தேன்?"

"ஒவ்வொரு தடவையும் பாக்குறீங்க."

"சும்மா இரு. நான் திரையத்தான் பாத்துட்டிருக்கேன்."

கரடியாகக் கத்தினாலும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தெரிந்து, அவள் கைபேசியில் வீடியோ எடுத்து நீட்டினாள். பருந்து மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு நடுத்தர வயது ஆள், எண்பது லட்சம் புள்ளியை எதிரே வைத்துக்கொண்டு, சரியான நேரத்தில் தன் வீட்டுத் தரை ஓடுகளைக் குனிந்து பார்க்கிறார். நாலு தடவை, அச்சுப் பிசகாமல். அவர் இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டியதாயிற்று. இருபத்து நான்கு வருஷம் காலடியில் பார்த்த கண், அந்தக் கூண்டுக் கண்ணாடி இங்கே இல்லை என்பதை அவரிடம் கேட்காமலே மறுத்துக்கொண்டிருந்தது.

மனைவி துணிக்கூடையை நகர்த்தி அவருடைய இரண்டு காலுக்கும் நடுவில் வைத்தாள். "இப்பக் குனிஞ்சு பாருங்க. என் நைட்டிதான் தெரியும்."

தெரிந்தது. ஒவ்வொரு தடவை தலை தாழும்போதும் அழுக்கு நீங்கிய துணியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிமிர்வார். நாலு நாளில் குனிவது பாதியாகக் குறைந்தது. பத்து நாளில் கூடை தேவைப்படவில்லை. ஒரு மாலை, பெட்டி லாரி மேல் அலுங்காமல் உட்கார்ந்தது. அடுத்ததும் உட்கார்ந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். மனைவி அடுக்களையில் இருந்தாள். "ஏம்மா, இங்க வாயேன்" என்று கூப்பிட்டு, மூன்றாவதை அவள் பார்க்க இறக்கிக் காட்டினார்.

இதைப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் போய்ச் சொன்னபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அவள் சிரிக்கவில்லை. கைபேசிப் படத்தை இரண்டு தடவை பார்த்தாள். மற்ற ஓட்டுநர்களை உட்கார வைத்து, திரையை விட்டு அவர்கள் தலையைக் கவனித்தாள். பாதிப் பேர் குனிந்தார்கள். அந்த வாரமே ஆட்களை வரவழைத்து, நாலு திரையில் கீழே இருந்ததைக் கழற்றி, மேசை மாதிரிச் சாய்த்து முழங்காலுக்கு எதிரே பொருத்த வைத்தாள். பழைய ஆட்கள் குனிந்தால் லாரி தெரியும்படி ஆயிற்று. "இதை நான் எழுதி அனுப்பும்போது யார் சொன்னதுன்னு போடட்டும் சார்?" என்று கேட்டாள். பருந்து யோசித்து, "மருந்துக் கடையில வேலை பாக்குற ஒரு அம்மான்னு போடுங்க" என்றார்.

சிரித்த ஆட்கள் ஒவ்வொருவராக அவர் பக்கம் ஒதுங்கினார்கள். "அண்ணே, அந்த டிவி..." என்று இழுத்தார்கள். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம், தடித்த உடம்போடு நாலு பேர் வரவேற்பறையில் உட்கார்ந்து, முறை வைத்துப் பிடியை மாற்றிக்கொண்டு கிரேன் ஓட்டினார்கள். மனைவி தேநீர் போட்டுக் கொடுத்தாள். ஏழு அடிப்பதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் அவள் வந்து வாசற்படியில் நின்றால் போதும், கப்பல் பாதியில் இருந்தாலும் எழுந்து செருப்பைத் தேடுவார்கள்.

தேர்வில் பருந்து தேறினார். பத்துப் பெட்டியில் ஒன்பது சரியாக விழுந்தது. ஒன்று கொஞ்சம் உரசியது. முதல் மூன்று பேருக்குள் அவர் இல்லை. நடுவில் எங்கோ இருந்தார். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவள் மருந்துக் கடையில் ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாளாம்.

ரேடியோ தேறவில்லை. இரண்டாவது வாய்ப்பும் கொடுத்தார்கள், அதிலும் முடியவில்லை. அவர் குனியவில்லை, டிவியிலும் கோளாறு இல்லை. பருந்து வீட்டுத் திரையில் நன்றாகவே ஓட்டியவர்தான். தேர்வில் நாலு பேர் பக்கத்தில் நின்று குறிப்பெடுக்கும்போது கை நடுங்கியது. அவ்வளவுதான் காரணம். வாயிலுக்கு அனுப்பினார்கள். அங்கே வருகிற லாரிக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேசியாக வேண்டும் என்பதால், ஆள் பொருத்தமான இடத்துக்குத்தான் போயிருக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். அதைச் சொன்னவர்கள் யாரும் அவர் எதிரே சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ரேடியோவுக்கு வார விடுமுறை. தேர்வெல்லாம் முடிந்து, மற்றவர்கள் வருவதை நிறுத்தி வெகு நாளான பின்னும், அவர் மட்டும் செவ்வாய்க்கிழமை தோறும் நாலு மணிக்கு வந்துவிடுவார். பருந்து வேலையிலிருந்து திரும்பாத நாளிலும் வருவார். அதே ஐந்தடி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கப்பலை ஒழுங்காக இறக்கி முடிப்பார். அந்த நேரத்தில் மட்டும் அவர் பேசுவதில்லை என்பதை மனைவிதான் கவனித்தாள். தன் தம்பி வந்து, விளையாட்டுப் பெட்டியைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டபோது, "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்டா" என்று அவளே சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பருந்து உள்ளே நுழையும்போது ரேடியோ பாதிக் கப்பலில் இருந்தார். எழப் போனார்.

"உக்காருய்யா. இன்னும் எத்தனை பெட்டி?"

"பதினாலு இருக்கு. நேரமாயிடுச்சுன்னா நான் அடுத்த வாரம் வந்து முடிச்சுக்குறேன். தங்கச்சி சீரியல் பாக்கணுமில்ல?"

அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏழுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. நீங்க நிதானமா இறக்குங்கண்ணே."

பருந்து கைகால் கழுவிவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்து, அவர் இறக்குவதைப் பார்த்தார்.